உன் படத்தில் இல்லாத அக்காள்

மகனுக்கு, உன்னைப் பெற்றவள் எழுதுவது. நலம் விசாரிக்கும் நாலு வரிகளை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெண் வீட்டார் மதுரையில் பெரிய ஜவுளிக்கடைக்காரர்கள் என்று சோழவந்தான் முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, சாயங்காலம்தான் என் கையில் கொடுத்தார். நான் படித்துக்கொண்டே வந்து இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன். ஒன்று, சித்தியைக் கல்யாணத்துக்கு அழைத்து வர வேண்டாம், பெண் வீட்டார் நீ எழுதிய படத்தைப் பார்த்திருக்கிறார்கள், அந்தப் பாத்திரம் யாரென்று யாரோ அவர்கள் காதில் போட்டுவிட்டார்கள் என்று நீ எழுதியிருந்த இடம். இன்னொன்று, கையெழுத்துப் போட்ட பிறகு கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தது: "அடுத்த படத்துக்குக் கதை கேட்கிறார்கள். ஊரில் நடந்தது ஏதாவது இருந்தால் விவரமாக எழுது அம்மா. உனக்குச் சொல்லத் தெரியும்." சோற்றில் கை வைத்தவளுக்கு அதற்கு மேல் இறங்கவில்லை. தட்டைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினேன். 

எனக்குச் சொல்லத் தெரியும் என்பது நிஜம்தான். அதனால் வந்த வினையைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள் எழுதுகிற எழுத்து இது. கொம்பும் காலும் தவறியிருந்தால் பொறுத்துக்கொள். மற்றதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

உனக்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, "என் தாயார் சொன்ன கதைகள்தான்" என்று நீ பதில் சொன்னாயாம். உன் அப்பா அதை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அதில் பாதி பொய். என் மாமியார் வீட்டில் எனக்கு வாசலைத் தாண்ட விடுதலை கிடையாது. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு மதுரைக்கு ரயிலேறி, கூடாரம் போட்டு ஊமைப்படம் காட்டிய இடத்துக்கு முதன்முதல் கூட்டிப்போனவள் என் தங்கை பேச்சி, உன் சித்தி. உனக்கு அப்போது ஆறு வயசு. திரைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டு, ஓடுகிற படத்துக்குத் தானே உரக்கக் கதை சொல்வான். திரும்பி வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: "அக்கா, அவன் 'பிராணநாதா'ங்கிறான். அவ வாயப் பாத்தா 'பசிக்குது'ன்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு. உன் மகன்கிட்டச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கான்." அன்றிலிருந்து யார் பேசினாலும் நீ வாயையே பார்ப்பாய். சந்தையில், கிணற்றடியில், எழவு வீட்டில்கூட. பன்னிரண்டு வயசில் ஒரு நாடகம் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சண்டை பிடித்தாய். "எந்த வீட்டுலம்மா இப்படிப் பேசுறாக? சித்தி பேசுற மாதிரி ஒருத்தர்கூடப் பேச மாட்டேங்கிறாங்களே. நான் பேச வைக்கிறேன் பாரு." அந்தப் பேச்சைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. இன்றைக்கு நினைத்தால் அதே உடம்பு கூசுகிறது.

பசுமலையில் விடுதியில் சேர்த்தோம். கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் வசனம் எழுதினாய். பத்தாவது முடிக்காமலே நாடகக் கம்பெனியோடு போய்விட்டாய். இரண்டு வருஷம் அங்கே மற்றவர்கள் மேடையில் பேச வேண்டிய வசனப் பாடத்தைப் பிரதி எடுத்தாய். பிறகு சென்னைக்குப் போய், பேசும்படம் எடுக்கிற ஒரு கம்பெனியில் வசனகர்த்தாவுக்கு எடுபிடியாக இருந்தாய். அதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. உன் அப்பா உன்னைத் தலைமுழுகிவிட்டேன் என்று கத்தியபோதெல்லாம், "அவனுக்கு ஒரு காது இருக்கு, அது சும்மா விடாது" என்று உனக்காகப் பேசினவள் நான். நீ கொண்டுபோன மூன்று கதைகளையும் முதலாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று யுத்த காலத்தில் ஒரு மாசி மாசம் வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாயே, அப்போதுதான் நான் கெட்டேன். நாலு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. உன்னை எழுப்பி உட்கார வைக்க என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உன் சித்தியின் கதை.

அவள் கல்யாணமான ஏழாவது மாதம் புருஷன் வீட்டை விட்டு வந்தவள் என்பது ஊருக்கே தெரியும். எதற்காக, எப்படி என்பது எங்கள் வீட்டுக்குள் இருந்தது. நான் உனக்குச் சொன்னேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னேன். அழகர்மலைக்குக் கிழக்கே ஒரு ஊர், மாட்டுத் தரகு பார்க்கிற மாப்பிள்ளை, சந்தேகப் புத்தி. வெளியே போகும்போது அவளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுப் போவான், தண்ணீர் எடுக்கக்கூட அவன் கண் முன்னால்தான் போக வேண்டும். ஒரு நாள் பூட்டைச் சரியாக அழுத்தாமல் போய்விட்டான். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அழகர்கோவிலில் சாமி கும்பிட வந்த கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து மதுரைக்கு நடந்து, அங்கிருந்து வைகைக் கரையோரமாக நடந்து, இரண்டாம் நாள் எங்கள் அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றாள். கால் இரண்டும் வீங்கிப் பானையாக இருந்தது. "என்னடி, ஓடி வந்துட்டியா?" என்று, பிள்ளைப்பேற்றுக்கு வந்து அங்கே இருந்த நான் கேட்டேன். அவள் சொன்னாள்: "ஓடி வரலக்கா. நடந்துதான் வந்தேன்."

அதைக் கேட்டதும் நீ சடக்கென்று எழுந்து உட்கார்ந்தாய். "என்ன சொன்னாக? திருப்பிச் சொல்லும்மா" என்றாய். என் பிள்ளை முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டதென்று எனக்கு ஒரே சந்தோஷம். நீ பென்சில் எடுத்தாய். நான் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். அக்காள்காரி அவளைக் கட்டிப்பிடித்து அழுததாகவும், வெந்நீர் வைத்துக் காலைக் கழுவியதாகவும், "இனி உன்னை எவனும் பூட்ட முடியாது" என்று சொன்னதாகவும். நான் அழவில்லை. வெந்நீர் வைக்கவில்லை. அப்படி எதுவும் சொல்லவுமில்லை.

படம் வந்தது. பெயர் போடுகிற இடத்தில் 'கதை வசனம்' என்று உன் பெயர் வருமென்று எழுதியிருந்தாய். உன் அப்பா, நான், பேச்சி மூன்று பேரும் காலை ரயிலில் மதுரைக்குப் போனோம். அவள் பெட்டியில் மடித்து வைத்திருந்த ஊதாச் சேலையைக் கட்டிக்கொண்டாள். கூடை நிறையத் தன் கொடிக்கால் வெற்றிலையைக் கொண்டுவந்து, ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். "எங்கக்கா மகன் எழுதுன படம். நீங்களும் போய்ப் பாருங்க." கொட்டகையில் பெண்கள் பக்கம் நானும் அவளும் ஒட்டி உட்கார்ந்தோம். உன் பெயர் வந்ததும் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

முன்பாதி முழுக்க அக்காள்தான். எம்புட்டு நல்லவள் அந்த அக்காள்! தங்கைக்காகத் தன் நகையைக் கழற்றுகிறாள், கோயில் கோயிலாகப் போகிறாள், பாட்டுப் பாடுகிறாள். நான் முந்தானை நனைய அழுதேன். அது நான்தான் என்று தெரிந்து அழுதேன். சுற்றி இருக்கிற பெண்களும் எனக்காக அழுகிறார்கள் என்று உள்ளுக்குள் இனித்தது. இதை மறைத்தால் மற்றது எழுதிப் பிரயோசனமில்லை. என் பொய்யின் நாற்றத்திலேயே உட்கார்ந்துகொண்டு அதைச் சந்தனம் என்று நினைத்தேன்.

இடைவேளைக்குப் பிறகு தங்கை வந்தாள். பட்டுச் சேலை, உதட்டில் சாயம், கையில் விசிறி. புருஷன் பாவம், தங்கமானவன். இவளுக்கு அவன் ஏழ்மை பிடிக்கவில்லை. எவனோ ஒரு மைனர் கூப்பிட்டான் என்று கிளம்பி, அவன் கைவிட்டதும் அக்காள் வீட்டுக்கு வருகிறாள். அக்காள் கேட்கிறாள், ஓடி வந்துவிட்டாயா என்று. அந்த நடிகை இடுப்பை ஒடித்து, விசிறியை விரித்து, கண்ணைச் சிமிட்டிச் சொன்னாள்: "ஓடி வரலக்கா. நடந்துதான் வந்தேன்."

கொட்டகையே குலுங்கியது. தரையில் இருந்தவர்கள் சீழ்க்கை அடித்தார்கள். முன்னால் ஒருவன் அதே மாதிரி இடுப்பை ஒடித்துத் திருப்பிச் சொல்ல, இன்னொரு சிரிப்பு எழுந்தது. நான் பேச்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. என் கையைப் பிடித்திருந்த அவள் கை மெள்ள விலகிப்போனது மட்டும் தெரிந்தது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. அந்தத் தங்கை சீக்கு வந்து, பிச்சை எடுத்து, கடைசியில் அக்காள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக, புருஷன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுச் செத்துப்போகிற வரைக்கும் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். வெளியே வந்து, வெயிலில் நின்றுகொண்டு, என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கடைசியில அக்கா கூட்டிட்டுப் போயி அவன் காலுல விழ வைக்கிறாளே, அது நீ சொன்னதா, இல்ல அவனாப் போட்டதா?" நான் உன் அப்பாவைத் தேடுகிறவள்போல் திரும்பிக்கொண்டேன். ரயிலில் உன் அப்பா, "நல்லாத்தான் இருந்துச்சு. பேரு எம்புட்டுப் பெரிசாப் போட்டிருந்தான் பாத்தியா" என்றார். அவர் வெற்றிலை கேட்டார். கூடை காலியாகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நீ கேட்கவும் இல்லை. அடுத்த சந்தையில் அவள் வெற்றிலைக் கூடையோடு வந்தபோது டீக்கடையில் இருந்த இளவட்டங்கள், "என்ன பேச்சியக்கா, ஓடி வாரீகளா, நடந்து வாரீகளா?" என்றார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த ஊரில் தலை நிமிர்ந்து வெற்றிலை விற்றவள் அவள். எங்கள் அப்பா கொடுத்த ஒரு துண்டுக் கொடிக்காலைத் தனி ஆளாக நின்று பெருக்கியவள். முன்னால் அவளைப் பற்றிப் பேசின வாய்களெல்லாம் அவள் உழைப்பைப் பார்த்து எப்போதோ மூடிக்கொண்டன. நீ வந்து அவற்றைத் திறந்துவிட்டாய். பேசுவதற்கு அவள் வார்த்தையையே எடுத்துக் கொடுத்தாய். இப்போது அவள் சந்தைக்கு வருவதில்லை. வியாபாரி கொடிக்காலுக்கே வந்து, அவன் சொன்ன விலைக்கு எடுத்துப் போகிறான்.

தைப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது கேட்டேன். மறந்திருக்க மாட்டாய். "ஏண்டா இப்படிப் பண்ணுன?" என்றதற்கு நீ, "அம்மா, நான் மொதல்ல நடந்தபடிதான் எழுதினேன். மொதலாளி படிச்சுட்டு, புருசனை விட்டுட்டு வந்தவ நல்லா இருந்தா சனம் கொட்டகையக் கொளுத்திப்புடும்னாரு. டைரக்டர் அந்த ஒரு வசனத்தை மட்டும் வச்சுக்கிறேன்னாரு. நாலாவது கதையும் போயிருந்தா நான் என்ன செய்ய? உனக்குச் சினிமா தெரியாதும்மா. சித்தியை யாருக்குத் தெரியப்போகுது?" என்றாய். உள்ளே அடுப்படியில் அவள் உனக்காக அயிரை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நீ குழம்பை மறுபடி மறுபடி ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாய். ஊற்றிய கையைப் பார்த்தாய், முகத்தைப் பார்க்கவில்லை. வாயையே பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. அன்றைக்கு அவள் வாய் என்ன சொல்லாமல் இருந்தது என்பதைப் பார்க்க உனக்குத் துணிச்சல் இல்லாமல் போய்விட்டது.

ஆனால் உன்னைத் திட்ட எனக்கு முழு யோக்கியதை இல்லை. இத்தனை மாதமாக உனக்கு எழுதாமல் இருந்தது அதனால்தான். கதை கேட்டிருக்கிறாயே, உனக்கு நான் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

அவள் நடந்து வந்த மூன்றாம் நாள், அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டவள் நான். எங்கள் அப்பா, "இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், நீ கைக்குழந்தை. தங்கை வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்தால் என் மாமியார் என்னைப் பேசுவாளே என்ற பயம். வேறு எந்தப் பெரிய காரணமும் இல்லை. "அக்கா, என்னைய அங்க விட்டுறாத. ஒரு மூலையில கிடந்துக்கிறேன்" என்று அவள் கெஞ்சினாள். "நாலு நாள் போனாச் சரியாப் போயிரும்டி. ஆம்பளைன்னா அப்படித்தான்" என்றேன். விடிந்ததும் வண்டி பூட்டி, பொழுது சாயும்போது அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க அவள் அழவில்லை. உன்னை மடியில் வைத்து வெயில் படாமல் முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். அவள் மடியில்தான் நீ தூங்கினாய். அந்த வீட்டு வாசலில் இறங்கியதும் நான் உன்னை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவனிடம், "சின்னப் பிள்ளை, புத்தி தெரியல. நீங்கதான் பொறுத்துப் போகணும்" என்று சொன்னேன். அவன் எனக்கு மோர் கொடுத்தான். நான் குடித்தேன். நான் வண்டியில் ஏறுவதற்கு முன்னாலேயே கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. கேட்டும் ஏறினேன்.

பதினைந்து நாளைக்குள் அவள் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்கள். கதவை அவன் இழுத்துச் சாத்தும்போது அவள் கையை நடுவில் வைத்துத் தடுத்திருக்கிறாள். அவன் நிறுத்தவில்லை. அவள் இடது கையில் இரண்டு விரல் மடங்காது என்பது உனக்குத் தெரியும். சின்ன வயசில் அதைப் பிடித்து விளையாடியிருக்கிறாய். கொடிக்காலில் விழுந்து அடிபட்டது என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோம். அந்தச் சொல்லும் என்னுடையதுதான்.

இப்போது யோசித்துப் பார். தங்கையின் கையைப் பிடித்துப் போய்ப் புருஷன் முன்னால் நிறுத்துகிற அக்காளை நீயாகத்தான் கற்பனை செய்து எழுதினாய். உனக்கு அது தெரியாது. ஆனால் எழுதிய மாதிரியே நடந்திருக்கிறது. நீ அதைத் தெய்வ காரியமாகக் காட்டினாய், ஜனங்கள் கைதட்டினார்கள், நான் முன்பாதியில் அழுத கண்ணீரோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். கொட்டகையை விட்டு வந்த நாளிலிருந்து கண்ணாடி பார்த்துப் பொட்டு வைப்பதில்லை. பேச்சிதான் சில நாள் வந்து, "என்னக்கா, பொட்டு கோணிக்கிடக்கு" என்று துடைத்து வைத்துவிடுகிறாள். அந்த விரல் நெற்றியில் படும்போது எனக்கு என் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

உனக்குக் கல்யாணம். தாய் என்ற முறையில் புத்தி சொல்ல வேண்டிய நேரம். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். உன் வீட்டுக்கு வருகிறவள் என்றைக்காவது, இங்கே இருக்க முடியவில்லை என்று சொன்னால், அது நல்ல வசனமாக இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. அவள் எதற்காகச் சொல்கிறாள் என்று கேள். அப்புறம் உன் தொழில். மூன்று கதை போனவனுக்கு நாலாவதும் போயிருந்தால் பசிதான் வந்திருக்கும். பசி தீரும். நானும் நீயும் செய்தது தீரவில்லை. ஒருத்தர் வாயிலிருந்து வந்ததை எடுத்தால் அவர்கள் வலியையும் சேர்த்து எடு. இல்லையென்றால் வாயைத் தொடாதே.

கல்யாணத்துக்கு உன் அப்பா வருவார். அவர் இப்போதே புது வேட்டி எடுத்துவிட்டார். நான் வருவது உன் கையில் இருக்கிறது. சோழவந்தானில் ரயில் நிற்கத்தான் செய்கிறது. நீ இறங்கி, கொடிக்காலுக்கு நடந்து போய், அவள் முன்னால் நின்று, உன் வாயால் கல்யாணத்துக்குக் கூப்பிடு. வர மாட்டேன் என்று அவள் சொல்லலாம். அது அவள் இஷ்டம். ஆனால் நீ கூப்பிட வேண்டும். ஜவுளிக்கடைக்காரர்களிடம், அந்தப் படத்தில் காட்டியது பொய், இவள்தான் என்னைத் தூக்கி வளர்த்தவள் என்று சொல்ல வேண்டும். செய்தால் வாரேன். இல்லையென்றால் மணவறையில் தாய்க்குப் போடுகிற பலகையில் வேறு யாரையாவது உட்கார வைத்துக்கொள்.

இன்று மத்தியானம் இது முழுவதையும் கொடிக்காலுக்குக் கொண்டுபோய் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவளைப் பற்றி அவளைக் கேட்காமல் இனி ஒரு வார்த்தையும் என் வீட்டிலிருந்து வெளியே போகக் கூடாது என்றுதான் போனேன். இலை கிள்ளுவதை நிறுத்தாமல் கேட்டாள். வண்டியில் போன இடம் வந்தபோது மட்டும் கை நின்றது. முடித்ததும் நான் அவள் காலைத் தொடப் போனேன். "சீ, என்ன இது" என்று விலகிக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு, "எழுதுனது அம்புட்டும் சரிதான். ஒண்ணும் மாத்த வேணாம். ஆனா கல்யாணம் முடியட்டும்க்கா, அப்புறம் அனுப்பு. இப்ப அனுப்புனா பிள்ளை மனசு ஒடிஞ்சு போயிரும்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். நாம் இரண்டு பேரும் செய்ததற்குப் பிறகும் அவளுக்கு உன் மனசைப் பற்றித்தான் கவலை. அவள் கெஞ்சியதை அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்கப் போவதில்லை. "முடியாது பேச்சி, இது இன்னைக்கே போகணும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி, போ. தபால் கட்டுறதுக்குள்ள போ" என்றாள். உன் அப்பாவிடம் கொடுத்தால் சட்டைப்பையிலேயே இருந்துவிடும். நானே நடந்து போய்ப் போட்டுவிட்டு வருகிறேன்.

உன் அம்மா